நீ பேசாம தூங்கு

கசகசாவை அரைச்சுப் பால்ல கலந்து குடின்னு ஒருத்தி. ராத்திரி உள்ளங்கால்ல வெளக்கெண்ணெய் தேய்ன்னு இன்னொருத்தி. ஓதி ஊதுன தண்ணிய தலைமாட்டுல வச்சுக்கிட்டுப் படுன்னு பெரியம்மா மவ. ரெண்டு வருஷமா நான் சரியா தூங்கறதில்லைங்கறது சிதம்பரத்துல எங்க தெருவுக்கே தெரியும். ஏன்னும் தெரியும். ஆனா அந்தப் பேரை மட்டும் ஒருத்தரும் வாயால சொல்ல மாட்டாங்க. கசகசா, வெளக்கெண்ணெய், தண்ணின்னு சுத்திச் சுத்தி வருவாங்களே தவிர விஷயத்துக்கு வர மாட்டாங்க.

அதனால நானே சொல்லிடறேன். எனக்கு வந்தது பன்னிக் காய்ச்சல். டி.வி.யில மரியாதையா பன்றிக் காய்ச்சல்னு சொன்னாங்க. எழுதறப்ப எனக்குக் கை கூசலை. கூசுனவங்க வீட்டுல என்னா ஆச்சுன்னு சொல்லத்தான் உக்காந்திருக்கேன்.

என் பேரு மும்தாஜ். வீட்டுல மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். என் வீட்டுக்காரர் அன்வருக்கு பஸ் ஸ்டாண்டு பக்கத்துல சூட்கேசுக்கு ஜிப்பு மாத்திக் குடுக்குற கடை. எங்களுக்குப் புள்ளைங்க இல்ல. அம்மா வீட்டு மாடியில நாங்க, கீழ அம்மா. அத்தா மௌத்தாகி ரொம்ப வருஷம் ஆச்சு. எனக்கு அடுத்தவன் தம்பி கமால், சிங்கப்பூர்ல வேலை. கடைசி ரெஹானா. அவளை நெல்லிக்குப்பத்துல குடுத்திருந்தோம். அவ புருஷன் குவைத்துல, இவ மாமியாரோட இருந்தா. கல்யாணமாகி மூணு வருஷம் கழிச்சு அந்த வருஷம்தான் முழுவாம இருந்தா.

ரெண்டாயிரத்து ஒம்போது அது. நோன்பு மாசம் நெருங்கற நேரம். ஊர்ல ஒருத்தரும் ஒழுங்கா தூங்கலை. டி.வி.யைப் போட்டா பூனாவைக் காட்டுவாங்க, ஸ்கூலை மூடிட்டாங்கன்னுவாங்க, மூக்கை மூடிக்கிட்டு ஜனங்க வரிசையில நிக்கறதைக் காட்டுவாங்க. அதைப் பாத்துட்டுப் படுத்தா தூக்கம் எங்கேர்ந்து வரும்? எதிர் வீட்டு அக்கா ராத்திரி எழுந்து எழுந்து புள்ளைங்க கழுத்தைத் தொட்டுப் பாக்கும். அது தொட்டே புள்ளைங்க முழிச்சு அழும். அந்த அழுகையில பக்கத்து வீடு முழிக்கும். பஸ்ல ஒருத்தர் தும்முனா பக்கத்து சீட்டு காலி. மெடிக்கல் ஷாப்புல மாஸ்க்கு தீந்துபோயி, நானே பழைய லைனிங் துணியில தெருவுக்கெல்லாம் தைச்சுக் குடுத்தேன்.

அந்த நேரத்துலதான் கமால் லீவுல வந்தான். அவனுக்கு நிக்காஹ் பேசியிருந்துச்சு. ரெஹானா புருஷனோட தங்கச்சியையே பேசியிருந்தோம், பொண்ணு குடுத்து பொண்ணு எடுக்கற சம்பந்தம். பெருநாள் முடிஞ்ச கையோட நிக்காஹ், அப்புறம் அவன் சிங்கப்பூர் திரும்பணும். ஏர்போர்ட்டுல யாருக்கு ஒடம்பு சுடுதுன்னு காட்டற கேமரா வச்சிருந்தாங்களாம். பிளேன்ல ஏறறப்பவே இவனுக்குக் காய்ச்சல். எறங்கறதுக்கு முந்தி காய்ச்சல் மாத்திரையப் போட்டுக்கிட்டு கேமரா முன்னாடி சிரிச்சிக்கிட்டே நடந்து வந்துட்டான். இதை வீட்டுக்கு வந்து பெருமையா சொன்னான். அம்மாவும் சிரிச்சாங்க. ரெண்டு நாள் போர்வைய இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்கி எழுந்து பிரியாணி கேட்டான். அவனுக்குக் காய்ச்சல் அவ்வளவுதான். அந்தப் போர்வைய அலசிப் போட்டவ நான்.

மொத நோன்பு அன்னிக்கே எனக்கு ஒடம்பு அடிச்சுப் போட்டாப்புல ஆயிடுச்சு. இருமல். மாடிப்படி ஏறி வந்தா நாலு தெரு ஓடி வந்த மாதிரி மூச்சு வாங்குது. வழக்கமா பாக்கற டாக்டர் நெஞ்சுல குழாயை வச்சுப் பாத்தாரு. வீட்டுக்கு வெளிநாட்டுலேர்ந்து யாராச்சும் வந்தாங்களான்னாரு. தம்பின்னேன், சிங்கப்பூர்னேன். நாற்காலிய ஒரு சாண் பின்னால தள்ளிக்கிட்டாரு. கடலூர்ல தனி வார்டு போட்டிருக்காங்க, இப்பவே போங்கன்னு சீட்டு எழுதிக் குடுத்தாரு. ஆம்புலன்ஸ் தெருவுக்குள்ள வந்துச்சு. மூக்கை மூடிக்கிட்ட ஆளு என்னைக் கைத்தாங்கலா ஏத்தறதைத் தெருவே பாத்துச்சு. வண்டி முனை திரும்பறதுக்குள்ள கமால் எல்லாருக்கும் சொல்லிட்டான், அக்காவுக்கு டைபாய்டுன்னு.

ஆஸ்பத்திரி பேரு வேண்டாம். அங்க இருந்தவங்க மேல எனக்கு ஒரு கொறையும் இல்ல. கடைசிக் கட்டடத்துல ஒரு ஹாலை ஒதுக்கி வாசல்ல கயிறு கட்டியிருந்தாங்க. கயித்துக்கு இந்தப் பக்கம் நாங்க, அந்தப் பக்கம் ஒலகம். தொண்டைக்குள்ள நீட்டமா ஒரு பஞ்சுக் குச்சிய விட்டுச் சொழட்டி எடுத்தாங்க, கொமட்டிக்கிட்டு வந்துச்சு. அதைக் குப்பியில போட்டு ஐஸ் பெட்டியில வச்சு மெட்ராசுக்கு அனுப்புனாங்க. அது அங்க போயி, பாத்து, பதில் வரணும். அதுவரைக்கும் நமக்கு அதுதானா இல்லையான்னு தெரியாம கெடக்கணும். எக்ஸ்ரேயில ரெண்டு நுரையீரலும் கீழ்ப்பக்கம் வெள்ளையா படர்ந்திருந்துச்சு. காத்து இருக்க வேண்டிய எடத்துல நீர் கட்டிக்கிச்சும்மா, அதுக்குப் பேருதான் நிமோனியான்னு டாக்டர் சொன்னாரு. அவருக்கு என் தம்பி வயசுதான் இருக்கும். கண்ணு ரெண்டும் செவந்து கெடந்துச்சு. அவரும் தூங்கலை.

விரல் நுனியில துணி கிளிப்பு மாதிரி ஒண்ணை மாட்டிவிட்டாங்க. ரத்தத்துல பிராணவாயு எவ்வளவு ஓடுதுன்னு அது காட்டுமாம், கொறைஞ்சா கத்துமாம். முழிச்சிருக்கறப்ப வாயைத் தொறந்து இழுத்து இழுத்து மூச்சு விட்டுடுவேன். கண்ணசந்தா மூச்சு மேலாக்கப் போவும், ஒடனே அது கீங் கீங்குன்னு கத்தும், சிஸ்டர் ஓடி வந்து ஆக்சிஜன் மாஸ்க்கைச் சரி பண்ணி எழுப்புவாங்க. ரெண்டு மூணு தரம் இப்படி ஆனதும் எனக்குள்ள ஒரு நெனப்பு புகுந்துடுச்சு. தூங்குனா செத்துடுவேன். யாரு சொல்லியும் அது போவலை. கண்ணு தானா சொருவும், நான் தொடையக் கிள்ளிக்கிட்டு முழிச்சிருப்பேன். மாத்திரை வேற. ஒசல்டாமிவிர்னு வாயில நுழையாத பேரு, கேப்சூல். காய்ச்சல் வந்த ரெண்டு நாளைக்குள்ள ஆரம்பிச்சுட்டா நல்லா கேக்கும்மா, நீ கொஞ்சம் லேட்டுன்னாங்க சிஸ்டர். சில பேருக்குத் தூக்கத்தைக் கொழப்பிக் கனவைக் கெளப்பிவிடும்னாங்க. எனக்குக் கெளப்புச்சு. தைக்கிறேன், தைக்கிறேன், மிஷின்ல நூலே இல்ல, துணியெல்லாம் ஓட்டை ஓட்டையா வருது. இதே கனவுதான் திரும்பத் திரும்ப.

பக்கத்துக் கட்டில்ல திட்டக்குடிக்காரம்மா, பேரு செல்வி. வாயாடி. அந்தம்மாவும் தூங்காது. எங்க கொல்லையில பத்து பன்னி மேயுது, அதுங்கெல்லாம் கல்லு மாதிரி இருக்குது, எனக்கு வந்துடுச்சே இந்த இழவுன்னு பொலம்பும். ஒரு நாளு என்னைப் பாத்து, ஏம்மா, உங்காளுங்க அதுங்கிட்டயே போவ மாட்டீங்களே, உங்களுக்கு எப்படி வந்துச்சுன்னு கேட்டுச்சு. வார்டே சிரிச்சுது. நானும் சிரிச்சேன், இருமல்ல உசுரு போயி உசுரு வந்துச்சு. பன்னிகிட்டேர்ந்து வரலை, மனுஷன் இருமி மனுஷனுக்கு வருது, பேருதான் அப்படின்னு சிஸ்டர் எல்லாருக்கும் வெளக்கிச் சொன்னாங்க. அதை எங்க வீட்டுல வந்து யாராச்சும் சொல்லியிருக்கணும்.

அன்வர் கயித்துக்கு அந்தப் பக்கம் வேப்பமரத்தடியிலயே கெடந்தாரு. கடையப் பூட்டிட்டாரு. உள்ள விட மாட்டாங்க. திருப்பாப்புலியூர் பள்ளிவாசல்ல நோன்புக் கஞ்சி வாங்கி தூக்குல கொண்டாந்து வாசல்ல குடுப்பாரு. ராத்திரியில எனக்கு ஒரு மிஸ்டு கால் வரும். நான் கட் பண்ணுனா முழிச்சிருக்கேன்னு அர்த்தம், அடிச்சு ஓய்ஞ்சா தூங்கிட்டேன்னு அர்த்தம். நான் எல்லாத்தையும் கட் பண்ணுவேன். கொஞ்ச நேரம் கழிச்சுத் திரும்ப வரும். நீங்களாவது தூங்கித் தொலைங்கன்னு திட்டுனேன். ஒருத்தரு முழிச்சிருந்தா இன்னொருத்தரு தூங்கலாம்ல, அதான் பாக்கறேன்னாரு. காசில்லாத அந்த மிஸ்டு கால் இல்லைன்னா அந்த வார்டுல நான் பைத்தியமாயிருப்பேன்.

மெட்ராஸ்லேர்ந்து ரிசல்ட்டு வந்துச்சு. அதேதான். சுகாதார ஆளுங்க சிதம்பரத்துல எங்க வீட்டுக்குப் போயி பிளீச்சிங் பவுடர் போட்டு, வீட்டுல இருக்கறவங்களுக்கெல்லாம் முன்கூட்டியே சாப்பிடன்னு அந்த கேப்சூலைக் குடுத்துட்டு வந்தாங்க. கொசு மருந்து அடிக்க வந்தாங்கன்னு கமால் தெருவுக்குச் சொல்லிட்டான். சிக்குன்குனியா சமயத்துல வந்து அடிச்சவங்கதானேன்னு தெருவும் நம்புச்சு. கேப்சூலை யாரும் முழுங்கலை. கேப்சூலோட மேல் ஓடு பன்னித் தோல்லயும் செய்யறதுண்டுன்னு சிங்கப்பூர்ல யாரோ சொல்லி அவன் கேட்டிருக்கான். அம்மா தொட்ட கையைக் கழுவிட்டு, அட்டையோட அதை அரிசி டின்னு மேல ஏத்தி வச்சிட்டாங்க. ஒரு சந்தேகம்னா பள்ளி ஹஜ்ரத்தைக் கேக்கறது எங்க வழக்கம். பல்லு வெளக்குற பேஸ்ட்டு வரைக்கும் கேட்டிருக்காங்க எங்க அம்மா. இதை மட்டும் கேக்கலை. கேட்டா எதுக்கும்மான்னு அவரு கேப்பாரு. என்னா பதில் சொல்றது? அன்வர் அவரு பங்கை மட்டும் வாங்கிட்டு வந்து மரத்தடியிலயே முழுங்கிட்டாரு. ஹராமா இருந்தா அல்லாகிட்ட நான் பேசிக்கறேன்னாரு.

இப்பத்தான் ரெஹானா விஷயம். அவளுக்கு ஏழாம் மாசம். எங்க பக்கத்துல தலைப்பிரசவத்துக்கு ஏழுல அழைச்சிட்டு வரணும், இல்லைன்னா ஒம்போதுல. எட்டுல பொண்ணை அசைக்கக் கூடாதும்பாங்க. ஏழு முடிய கொஞ்ச நாள்தான் இருந்துச்சு. வயித்துல புள்ள இருக்கறவங்களை இந்தக் காய்ச்சல் ஜாஸ்தியா தாக்குதும்மா, வீட்டுல அப்படி யாரும் இல்லையேன்னு டாக்டர் கேட்டாரு. ஒடனே அம்மாவுக்கு போனைப் போட்டேன். ரெஹானாவைக் கூட்டிட்டு வராதீங்க, அவ நெல்லிக்குப்பத்துலயே கெடக்கட்டும்னேன். அம்மா சரி சரின்னாங்க. சொல்றப்பவே ரெண்டு தடவை இருமுனாங்க. என்னா இருமல்னேன். கஞ்சிக்குத் தாளிச்சேன், கமறிடுச்சுன்னாங்க. கமால் போனைப் புடுங்கி, அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம், நீ பேசாம தூங்குன்னான்.

அந்த ஒரு வார்த்தைதான். நான் என்னா சொன்னாலும் நீ பேசாம தூங்கு. வாயை மூடுன்னு அக்காவைப் பாத்து சொல்ல முடியாதுல்ல, அதனால தூங்குன்னான். முழுப் பூசணிக்காயை சோத்துல மறைக்கறதுக்கு என் தூக்கத்தைத்தான் எலையா போட்டாங்க.

அவங்களை நம்பாம நானே ரெஹானா மாமியாருக்கு போன் பண்ணேன். ஒளிக்கலை, பேரைச் சொல்லியே சொன்னேன். எனக்கு வந்திருக்கறது பன்னிக் காய்ச்சல் மாமி, எங்க வீட்டுல அது இருக்கு, அம்மாவும் இருமறாங்க, ரெஹானாவை அனுப்பாதீங்கன்னேன்.  அந்தம்மா அவ்வளவு அன்பா பேசுனாங்க. கமால் எல்லாம் சொன்னாருமா, டைபாய்டு தலைக்கேறி, நாள் கணக்கா தூங்காம, என்னென்னமோ பேசுறியாமே. நாங்க துஆ செய்யறோம். நீ தூங்கும்மா, எல்லாம் சரியாயிடும்னாங்க. நான் கத்துனேன். கத்தக் கத்த அவங்களுக்கு நான் பைத்தியம்ங்கறது உறுதியாச்சு. தூங்காதவ பேச்சு அம்பலம் ஏறாது. அதை நல்லா தெரிஞ்சிக்கிட்டு முந்திக்கிட்டான் எந்தம்பி.

அன்வரை வீட்டுக்கு அனுப்புனேன். அவரு சிதம்பரம் வந்து சேர்றப்ப ரெஹானா கார்லேர்ந்து எறங்கிக்கிட்டிருக்கா. இவரு மாஸ்க்கோட வாசல்ல நின்னு, உள்ள வராதம்மா, அக்கா வேண்டாங்குதுன்னு சொல்லியிருக்காரு. மச்சான், அவளும் தூங்கலை நீங்களும் தூங்கலை, மாடிக்குப் போயிப் படுங்கன்னு கமால் தோளைத் தட்டி ஒதுக்கிட்டான். வீட்டோட இருக்கற மாப்பிள்ளை சொல்லு எந்த வீட்டுல எடுபட்டிருக்கு? அம்மா ரெஹானா கையைப் புடிச்சு, வலது காலை வச்சு உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க. அன்வர் திரும்பி வந்து கயித்துக்கு அந்தப் பக்கம் தலையில கைய வச்சிக்கிட்டு உக்காந்துட்டாரு.

மறுநாள் மத்தியானம் ரெஹானாவே அம்மா போன்லேர்ந்து பேசுனா.

“அக்கா, நீ தூங்கறதே இல்லையாமே? நான்தான் உனக்கும் சேத்துத் தூங்கிக்கிட்டிருக்கேன். ஒருக்களிச்சுத்தான் படுக்க முடியுது. மல்லாந்தா உள்ள இருக்கறது ஒதைக்குது.”

“ரெஹானா, எனக்கு டைபாய்டு இல்ல. பன்னிக் காய்ச்சல். நான் ஒளறலைடி.”

அம்மா காதுல விழாம கொரலைத் தாழ்த்திக்கிட்டா.

“அப்ப நான் போயிடவாக்கா?”

“இப்பவே போ. இருக்கற துணியோட போ.”

“எட்டு பொறந்துடும்ங்கறாங்க அம்மா. இப்ப போனா என்னா சொல்லிட்டுப் போறது? அண்ணன் நிக்காஹ் வேற இருக்கு. நான் அம்மாகிட்டேர்ந்து தள்ளியே படுத்துக்கறேங்க்கா. நீ பயப்படாத.”

அவ நல்லா பேசி நான் கேட்டது அதுதான் கடைசி.

கிளிப்பு கத்தறது கொறைஞ்சு, எக்ஸ்ரே தெளிஞ்சு, வார்டுலேர்ந்து என்னை அனுப்புனாங்க. செல்வியம்மா கட்டில்லேர்ந்தே கைய ஆட்டி, வீட்டுக்குப் போயி ஒரு மூச்சு நல்லா தூங்கு தாயின்னுச்சு. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டலை, உள்ள ரெஹானா படுத்திருக்கறதைப் பாத்துட்டேன். மூஞ்சி சிவுசிவுன்னு. ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக்குழி உள்ள போவுது. பக்கத்துல கசாயம், காய்ச்சல் மாத்திரை. எத்தனை நாளான்னேன். முந்தாநேத்துக்கு முன்னாடிலேர்ந்துன்னாங்க அம்மா. தெரு முனை கிளினிக்குல காட்டிட்டோம்னான் கமால். அந்த டாக்டர்கிட்ட நான் கடலூர்ல எந்த வார்டுல கெடந்தேங்கறதைச் சொன்னியான்னேன். அவன் வாசப்பக்கம் நழுவிட்டான். நான் நேரா அடுப்பங்கரைக்குப் போயி அரிசி டின்னு மேலேர்ந்து அட்டையை எடுத்தேன். ஒண்ணு கூட பிரிக்காம அப்படியே இருந்துச்சு. ரெஹானா வாயில நானே போட்டு தண்ணி குடுத்தேன். அம்மா மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்க. அவ எம்மூஞ்சியப் பாத்துக்கிட்டே முழுங்குனா.

ஆட்டோவுல நானும் அன்வரும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். வாசல்லயே நின்னு, எங்க வீட்டுல பன்னிக் காய்ச்சல் இருக்கு, எனக்கு வந்துச்சு, இவ ஏழு மாசம்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி கத்துனேன். வழி விட்டாங்க. ஒரு நிமிஷம் தாமசம் பண்ணலை. டாக்டரம்மா அட்டையைப் பாத்துட்டு, இது எப்பலேர்ந்து உங்க வீட்டுல இருக்குன்னு கேட்டாங்க. ரெண்டு வாரமா இருக்குன்னேன். அந்தம்மா என்னைப் பாத்த பார்வை இருக்கே, அடிச்சிருந்தாலும் தாங்கியிருப்பேன்.

புள்ளைய ஆபரேஷன் பண்ணி எடுத்தாங்க. பொம்பளப் புள்ள. ஒரு நாள் இருந்துச்சு. ரெஹானாவை வென்டிலேட்டர்ல போட்டாங்க. தொண்டை வழியா மூச்சுக்குழாய்க்குள்ள டியூபை விட்டு, மூச்சு விடற வேலையை மெஷின் பாத்துக்கும். முழிச்சிருக்கற மனுஷனால அந்த டியூபைத் தாங்க முடியாது, புடுங்கிப் போட்டுடுவாங்க. அதனால ஊசி மருந்தை சொட்டுச் சொட்டா ஏத்தித் தூங்க வச்சிருக்கோம்னு டாக்டரம்மா வெளக்கிச் சொன்னாங்க. டெபாசிட்டு கமால் கட்டுனான். கட்டுனேன் கட்டுனேன்னு போன்ல யார் யாருக்கோ சொல்லிக்கிட்டும் இருந்தான்.

கண்ணாடிக் கதவு வழியா பாக்க விட்டாங்க. அம்மா பாத்துட்டு வந்து எங்கிட்ட என்னா சொன்னாங்க தெரியுமா? “எம்மாம் நிம்மதியா தூங்குறா பாரு. ஒரு இருமல் இல்ல, ஒரு மொனகல் இல்ல. நீயும் போயித் தூங்குடி.” அவங்க அதை உண்மையாவே நம்புனாங்க. வெளியில இருந்த பெஞ்சுல சாஞ்சு அவங்களும் தூங்கிட்டாங்க. நான் ரெஹானா நெஞ்சு ஏறி எறங்கறதைப் பாத்துக்கிட்டு நின்னேன். ஒரே அளவா ஏறுது, ஒரே அளவா எறங்குது. எங்க ரெஹானா அப்படித் தூங்கறவ இல்ல. சின்ன வயசுலேர்ந்து உருளுவா, ஒதைப்பா, என் போர்வைய இழுத்துக்குவா.

பெருநாள் வந்துச்சு. கமால் புதுச்சட்டை போட்டுக்கிட்டு தொழுவப் போனான். போடலைன்னா கேப்பாங்களாம். அதுக்கடுத்த வாரம் ரெஹானா முழிக்காமலே போயிட்டா. ஆஸ்பத்திரியில பெட்டியில வச்சு மூடி, தொறக்காம அடக்கம் பண்ணச் சொல்லிக் குடுத்தாங்க. ஆபரேஷன் பண்ண ஒடம்பு, அதான் தொறக்கக் கூடாதுன்னுட்டாங்கன்னு கமால் ஜமாத்துக்குச் சொன்னான். பிரசவத்துல மௌத்துன்னு பள்ளியில அறிவிச்சாங்க. நான் அப்பவும் வாயத் தொறக்கப் பாத்தேன். தூங்காம இருக்கா பாவம்னு நாலு பொம்பளைங்க என்னை மாடிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க.

மூணாம் நாள் ரெஹானாவுக்காக குர்ஆன் கத்தம் ஓதுனோம். வீடு நெறைய ஆளு. முன் கூடத்துல ஆம்பளைங்க, உள் கூடத்துல பொம்பளைங்க, நடுவுல ஒரு திரை. ரெஹானா மாமியார் என் பக்கத்துல உக்காந்து எங்கையப் புடிச்சிக்கிட்டிருந்தாங்க. ஹஜ்ரத்து துஆ செஞ்சு முடிச்சு, பிரசவத்துல மௌத்தான பொண்ணுக்கு ஷஹீது அந்தஸ்து, தியாகி மாதிரின்னு பேசுனாரு. நல்ல மனுஷன், அவருக்குச் சொன்னதைத்தானே அவரு பேசுவாரு. கமால் தலைய ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கிட்டிருந்தது திரை இடுக்குல தெரிஞ்சுது. நான் எழுந்து நின்னேன்.

“ஹஜ்ரத், மார்க்கத்துல ஒரு சந்தேகம் கேக்கணும்.”

“கேளும்மா.”

“பன்னிக் காய்ச்சலுக்கு ஒரு மாத்திரை குடுக்கறாங்க. அதோட ஓடு பன்னியில செஞ்சதா இருக்குமோன்னு சந்தேகம். உசுருக்கு ஆபத்துன்னா அதை முழுங்கலாமா?”

அக்கா தூங்கி ரொம்ப நாளாச்சு, உள்ள கூட்டிட்டுப் போங்கன்னு கமால் கொரல் குடுத்தான். ஹஜ்ரத்து, நீ கொஞ்சம் இருப்பான்னு அவனை அடக்கிட்டாரு.

“தாராளமா கூடும்மா. உசுரைக் காப்பாத்த வேற வழி இல்லைன்னா ஹராமே ஆனாலும் அந்த நேரத்துக்குக் கூடும். மதரசாவுல ஓதற புள்ளைங்களுக்கே இது தெரியும். இதைக் கேக்கவா இவ்வளவு யோசிக்கிறே? யாருக்கு வேணும்?”

“ரெஹானாவுக்கு.”

 திரைக்கு இந்தப் பக்கம் ஒவ்வொருத்தியா முந்தானைய இழுத்து மூக்கை மூடுனா. ஒருத்தி எழுந்தா, அப்புறம் எல்லாரும் எழுந்துட்டாங்க. ரெஹானா மாமியார் மட்டும் கொஞ்ச நேரம் எங்கைய விடலை. அன்னிக்கு நீ போன்ல சொன்னப்பன்னு ஆரம்பிச்சாங்க. கைய விட்டுட்டு செருப்பைத் தேடிக்கிட்டுப் போயிட்டாங்க. அதோட நிக்காஹ் பேச்சும் போச்சு. ஓதி வச்ச சோறு ஆறிக் கெடந்துச்சு. அம்மா நடு வீட்டுல உக்காந்தவங்க என்னை அண்ணாந்து பாத்தாங்க.

“இப்பத் தூங்குவியாடி?”

நான் மாடிக்குப் போனேன். பாயைக் கூட விரிக்கலை, தரையில சாஞ்சேன். மறுநாள் மத்தியானம் லுஹர் தொழுகைக்கு பாங்கு சொல்றப்பதான் கண்ணு முழிச்சேன். கரண்டு இல்ல. அன்வர் தலைமாட்டுல உக்காந்து காலண்டர் அட்டையால விசிறிக்கிட்டிருந்தாரு. கீழ அம்மா கொரலே போயிக் கேவிக்கிட்டிருந்தாங்க. எப்பலேர்ந்துன்னு கேட்டேன். ராத்திரி பூரா, ரெஹானா பேரைச் சொல்லிச் சொல்லி அழுதாங்கன்னாரு. எனக்கு எதுவும் கேக்கலை. அப்படித் தூங்கியிருக்கேன். அதுதான் நான் கடைசியா தூங்குனது.